இசக்கியம்மாள் தனக்குப் போட்ட நாற்பது மார்க்

எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு வெள்ளிவிழா மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே மின்பணி சொல்லிக்கொடுக்கிற தம்பி வீடு தேடி வந்து, "சார், நீங்க ஆரம்பத்துல இருந்தே இருந்தவுக. கல்லூரி வரலாறுன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றார். "யார் கல் நாட்டினா, யார் விளக்கேத்தினான்னா?" என்று கேட்டேன். அதெல்லாம் முதல் பக்கத்தில் படத்தோடு போட்டாயிற்றாம். என் பங்குக்கு அனுபவம் வேண்டுமாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போடுகிற வழக்கத்தை இந்த வருஷத்தோடு எடுத்துவிடுகிறார்களாம். "அது சும்மா ஒரு சம்பிரதாயம்தானே சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சம்பிரதாயமா? இரும் தம்பி, எழுதுகிறேன்.

நான் பிறவி வாத்தியார் இல்லை. ஐ.டி.ஐ. படித்தேன், ஒரு நூற்பாலையில் மோட்டார் காயில் சுற்றினேன், ஆலையை மூடினார்கள். பதினெட்டு வருஷத்தை இதற்குமேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும். தொண்ணூறுகளின் நடுவில், சீவலப்பேரி போகிற வழியில் ஒரு பழைய நெல் கிட்டங்கியை வெள்ளையடித்து, "சமுதாயக் கல்லூரி" என்று போர்டு மாட்டி, என்னை மின்பணி ஆசிரியர் என்று உட்கார வைத்தார்கள். வெள்ளையடித்தும் தவிட்டு வாசம் போகவில்லை. பாடம் நடக்கும்போது அணில் வந்து மூலையில் நெல் பொறுக்கும்.

ஆள் சேர்க்க ஊர் ஊராகப் போனோம். பத்தாவது தவறியவர்கள், எட்டோடு நின்றவர்கள், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள், எல்லாரும் வரலாம், வயது கேட்க மாட்டோம், ஆறு மாதம் இங்கே படிப்பு, மூன்று மாதம் வெளியே வேலைப் பயிற்சி என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பத்துப் பாஸாகாதவனுக்குக் காலேஜ். அப்போ பத்துப் பாஸானவன் எங்க போவான் வே, எலிமெண்டரி ஸ்கூலுக்கா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இயக்குநர் ஆசீர்வாதம் சார். பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, சைக்கிள், சட்டைப் பையில் மூன்று பேனா. அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, மரியாதை கூடும். நல்ல நாளில் என்னை "வே சங்கரபாண்டியன்" என்பார். நான் எதையாவது கோட்டை விட்டால், "வாருங்கள் திரு. சங்கரபாண்டியன் அவர்களே, அமருங்கள்" என்பார். அந்த 'அவர்களே' காதில் விழுந்தாலே நான் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொள்வேன். ஒருநாள் வராந்தாவில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "தாங்கள் சற்று வெளியே செல்லலாம்" என்றார். நாய் எழுந்து போய்விட்டது.

அவர் மூளையில் உதித்ததுதான் அந்த மதிப்பீட்டுப் படிவம். தன் கையாலேயே ஸ்டென்சில் வெட்டி, உருட்டி, மை காயப் போட்டு எடுத்தார். அதில் மூன்று கட்டம். ஆசிரியர் நூற்றுக்கு ஒரு மார்க் போட வேண்டும். வேலைப் பயிற்சி கொடுத்த முதலாளி ஒரு மார்க். படித்தவர் தனக்குத் தானே ஒரு மார்க். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு இடம். மூன்று மார்க்கில் பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே இருபதுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்டிபிகேட் கிடையாது. உட்கார்ந்து பேசி, காரணம் எழுதி, மறுபடி போட வேண்டும். "படிச்சவனுக்குத் தன்னைத் தெரியணும் வே. அது தெரியாம வேலை மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய?" என்பார்.

நம் ஊர்க்காரனிடம் போய் உனக்கு நீயே மார்க் போடு என்றால் என்ன நடக்கும்? முதல் அணி மின்பணியில் பதினோரு பேர். ஒருவனைத் தவிர எல்லாரும் முப்பத்தைந்து போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த மார்க் அது ஒன்றுதான், அதற்குத்தானே பள்ளிக்கூடத்தில் தவம் கிடந்தார்கள்! அந்த ஒருவன் மார்க்கே போடாமல், 'சார் பார்த்துப் போடவும்' என்று எழுதியிருந்தான். ஆசீர்வாதம் சார் எல்லாரையும் உட்கார வைத்து, தன்னம்பிக்கை என்றால் என்ன என்று இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் எல்லாரும் எழுபத்தைந்து, எண்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்தார்கள். தப்பிக்காதது ஒரே ஆள். முப்பத்தைந்தை அடித்து நாற்பது ஆக்கிவிட்டு நின்றுகொண்டாள். அவள்தான் இசக்கியம்மாள்.

இசக்கியம்மாளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலையே கதியாக இருந்தவள். வீட்டுக்காரன் திருப்பூர் போகிறேன் என்று போனவன், போனவன்தான். ஒரு பெண் குழந்தை. தையல் படிக்க வந்தாள், தையலில் இடம் முடிந்துபோயிருந்தது. "வேற என்ன சார் இருக்கு?" என்றாள். "கரண்டு வேலை இருக்கு. அது ஆம்பளைக..." என்று நான் இழுத்தேன். "கரண்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா சார்? தொட்டா எல்லாத்தையுந்தானே அடிக்கும்" என்றாள். பேரை எழுதிக்கொண்டேன். பத்து ஆம்பளைகளுக்கு நடுவில் அவள் வேலைதான் எடுப்பாக இருக்கும். சுவரில் வயருக்கு அவள் அடித்த கிளிப் வரிசையை நூல் பிடித்துப் பார்க்கலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு அப்போது பெண் எலக்ட்ரீஷியன் தேவைப்பட்டது. பிரசவ அறையில் ஃபேன் நின்றுபோனால் ஆண் ஆளை உள்ளே விட முடியவில்லை, தாய்மார் எல்லாரையும் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று டாக்டரம்மா எங்களுக்கு எழுதியிருந்தார். மாதச் சம்பளம், மழைக்கும் வெயிலுக்கும் கூரைக்குக் கீழே வேலை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சர்டிபிகேட்டோடு வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம் என்றும் எழுதியிருந்தார். இந்த ஜில்லாவில் அந்த வேலைக்கு இவளை விட்டால் ஆள் ஏது? வேலை கிடைக்காவிட்டால் பிசானப் பருவத்து நடவுக்கு மறுபடி சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை ஆசீர்வாதம் சார் என்னை அழைத்தார். மேஜையில் அவள் படிவம். நான் போட்டது தொண்ணூற்றிரண்டு. அம்பாசமுத்திரத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த காண்ட்ராக்டர் போட்டது எண்பத்தைந்து. அவள் போட்டது நாற்பது. காரணம் எழுத வேண்டிய இடம் காலி.

"இசக்கியம்மாள், ஏன் நாப்பது?" என்று பொறுமையாகக் கேட்டார்.

"அவ்வளவுதான் சார் எனக்கு."

"அப்போ காரணம் எழுதணுமே."

"காரணம்னு ஒண்ணும் இல்ல சார்."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்மா, கூச்சப்படாத. இங்கன யாரும் உன்னைப் பெருமை பீத்துதான்னு சொல்ல மாட்டாங்க. எழுபத்தஞ்சு போடு, போதும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சார், நீங்க சொல்லாதீங்க சார்" என்றாள். அடக்கமான பெண், வாத்தியார் மேல் என்ன மரியாதை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அது மரியாதைப் பார்வை இல்லை, பரிதாபப் பார்வை என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆசீர்வாதம் சார் அவளுக்கு மட்டும் தனியாக முக்கால் மணி நேரம் தன்னம்பிக்கை பற்றிப் பேசினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிவில் படிவத்தை வாங்கி, நாற்பதை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் போன பிறகு நான், "சார், பேசாம நானும் அந்தக் காண்ட்ராக்டரும் எங்க மார்க்கைக் குறைச்சிருதோம். வித்தியாசம் சரியாப் போயிரும்லா?" என்றேன்.

"பொய் மார்க் போடுவதற்கு நான் கல்லூரி நடத்தவில்லை, திரு. சங்கரபாண்டியன் அவர்களே. தாங்கள் நாளை அம்பாசமுத்திரம் சென்று, என்ன நடந்தது என்று விசாரித்து வாருங்கள்."

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்தக் காண்ட்ராக்டர் ஆறுமுகம் அண்ணாச்சியின் எலக்ட்ரிக்கல் கடை. "வாங்க வாத்தியாரே" என்று டீ சொன்னார். அவள் நாற்பது போட்ட கதையைச் சொன்னேன். மனுஷர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அந்தக் கல்லிடைக்குறிச்சி வீட்டை இன்னும் மனசுல வச்சிருக்கா போல. வந்த முதல் வாரம் வாத்தியாரே. நாலு ரூம் வயரிங், ஒத்தையில முடிச்சா. ரெண்டு நாள் கழிச்சு அந்த வீட்டுப் பெரியவர் பல்பு மாத்தணும்னு சுவிட்சை அணைச்சுட்டு ஸ்டூல்ல ஏறியிருக்காரு. ஹோல்டர்ல கை வச்சாரு பாருங்க, அப்படியே பறந்து நெல் மூட்டை மேல விழுந்தாரு. ஒரு சிராய்ப்பு இல்ல. ஆனா அவரு வாயில வந்த வார்த்தை இருக்கே, எழுபது வயசுல ஒரு மனுசன் அவ்வளவு ஞாபகம் வச்சிருக்க முடியுமான்னு இருந்துச்சு!"

"சுவிட்சை அணைச்ச பிறகா?"

"அதான் சொல்லுதேன். திறந்து பாத்தா நாலு ரூம்லயும் சுவிட்சு கறுப்பு வயர்ல இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி, வரிசையா, அழகா, தப்பா!"

மின்சாரம் வருகிற கம்பி சிவப்பு, திரும்புகிற கம்பி கறுப்பு. சுவிட்ச் சிவப்பில்தான் இருக்க வேண்டும். கறுப்பில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் கரண்ட் காத்துக்கொண்டிருக்கும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

"எவன் உனக்குச் சொல்லித்தந்தவன்னு சத்தம் போட்டேன்" என்றார் அண்ணாச்சி. "எங்க சார் சரியாத்தான் சொன்னாவ, நான்தான் மாத்திப் படிச்சிட்டேன்னா. மறுநாளே நாலு ரூமையும் பிரிச்சு மாத்திட்டா. அதுல இருந்து டெஸ்டர் வைக்காம ஒரு ஸ்க்ரூவைத் தொட மாட்டா. அதுக்குத்தான் எம்பத்தஞ்சு போட்டேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றுமறியாத முகத்தோடு சொன்னார்: "எதிர்த்த கடையிலயும் உங்க ஸ்டூடண்ட் ஒருத்தன் இருக்கான். அவனும் கறுப்புலதான் வைக்கப் போனான். இவ ஓடிப்போய்த் தடுத்தா. ரெண்டு பேரும் ஒண்ணுபோல மாத்திப் படிப்பாவளோ வாத்தியாரே?"

திரும்பி வரும் பஸ் கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது எனக்குச் சொரேர் என்றது. கல்லூரி திறப்பு விழாவுக்கு முதல்நாள், பயிற்சிப் பலகை செய்துகொண்டிருந்தேன். சிவப்பு வயர் தீர்ந்துபோயிற்று. டவுனுக்குப் போய் வாங்கி வர நேரமில்லை. மின்சாரம் வருகிற பக்கத்துக்கும் கறுப்பையே இழுத்து, நாளைக்கு மாற்றிவிடலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. நோட்டில் 'சிவப்பில் சுவிட்ச்' என்று எழுதப் போட்டுவிட்டு, பலகையில் கறுப்பைத் தொட்டுக் காட்டி, "இதுலதான்லே சுவிட்ச்" என்று ஆறு மாதம் கத்தியிருக்கிறேன். பலகை சரியாகத்தான் வேலை செய்தது. வந்தவர்களெல்லாம் நோட்டால் படிக்கிறவர்களா? கையால் படிக்கிறவர்கள். கை கறுப்பைப் படித்துக்கொண்டது.

இன்னொன்றும் ஞாபகம் வந்து பஸ்ஸிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். வேலைப் பயிற்சிக்குப் போனவர்கள் சனிக்கிழமைதோறும் கல்லூரிக்கு வருவார்கள். இரண்டு மூன்று திங்கட்கிழமைகளில் அந்தக் கறுப்பு வயரில் நீளத்துக்குக் குங்குமம் பூசியிருந்தது. ஆயுத பூஜைக் குங்குமம் என்று நினைத்து, "பூஜை முடிஞ்சா துடைக்க வேண்டாமாலே?" என்று, இவர்கள் பயிற்சிக்குப் போன பிறகு சேர்ந்த இரண்டாம் அணியைத் திட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் நானே அழுந்தத் துடைத்தேன். அது பூஜை இல்லை. 'இது சிவப்பு வயரா இருக்கணும் சார்' என்று வாயால் சொல்லக் கூசின ஒருத்தி செய்த வேலை.

இறங்கி நேரே வகுப்புக்குப் போனேன். இரண்டாம் அணி இருந்தது. "ஏலே, சுவிட்ச் எந்த வயர்லலே?" என்றேன். அத்தனை பேரும் பாட்டுப் பாடுவதுபோல, "கறுப்பு சார்!" என்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, சிவப்பு வயர் வாங்கிவந்து பலகையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது இசக்கியம்மாள் வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க பதினோரு பேருக்கும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"எப்படி சார் சொல்ல? எங்களுக்கு ஸ்க்ரூ பிடிக்கச் சொல்லித்தந்ததே நீங்கதானே. நாங்க போய் உங்களுக்கு..." என்று நிறுத்தினாள். "மத்தவங்க யாரும் தப்புப் பண்ணல சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போயி எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பண்ணினது நான் ஒருத்தி. அந்தப் பெரியவரு விழுந்தாருல்லா? அதுக்குத்தான் நாப்பது. காரணம் எழுதினா உங்க பேரு வரும்."

"வேலை போயிரும் பிள்ளே!"

"போனா நடவு இருக்கு சார். பழகினதுதானே."

கையிலிருந்த வயரை அப்படியே கீழே போட்டேன். அவமானம்தான், வேறென்ன? அவளைக் கூட்டிக்கொண்டு ஆசீர்வாதம் சார் அறைக்குப் போய், ஒன்றுவிடாமல் சொன்னேன். 'அமருங்கள் அவர்களே' வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவரோ, "அந்தக் குங்குமத்தை நானும் பாத்தேன் வே. உங்க பூஜை சமாச்சாரம், நாம கை வைக்கக் கூடாதுன்னு மரியாதையா ஒதுங்கிப் போனேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் அணியைத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அப்புறம் அலமாரியைத் திறந்து புதுப் படிவம் இரண்டு எடுத்து, ஒன்றை அவளிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு சார்?"

"நீரும் உமக்குப் போடும். பிள்ளைக மட்டுந்தான் தன்னைத் தெரிஞ்சுக்கிடணுமா?"

நியாயம்தான். நான் யோசிக்காமல் முப்பது என்று எழுதினேன். அதுவே அதிகம். இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் படிவத்தில் இருபத்தொன்பது என்று எழுதினாள்.

"என்னம்மா இது? நாப்பத்திரண்டுல இருந்து இறங்கிட்டீங்க?" என்று பதறினார் சார்.

"எங்க சார் முப்பது போட்டிருக்காவ. நான் அதுக்கு மேல போட்டா நல்லாவா இருக்கும்?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்கு எழுபத்திரண்டாவது வேண்டும், இல்லையென்றால் சர்டிபிகேட் இல்லை, திங்கட்கிழமை ஆஸ்பத்திரி இல்லை. ஆசீர்வாதம் சார் என் பக்கம் திரும்பினார். "திரு. சங்கரபாண்டியன் அவர்களே, தயவுசெய்து தங்கள் மதிப்பெண்ணைச் சற்று உயர்த்துங்கள்." அறுபது என்று எழுதினேன். அவள் ஐம்பத்தொன்பது எழுதினாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். பதினோரு பேருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு பெரியவரை நெல் மூட்டை மேல் பறக்கவிட்டவன், அது வெளியே தெரிந்த அதே நாளில், அதே மேஜையில், தொண்ணூற்றைந்து என்று எனக்கு நானே எழுதினேன். என் ஆயுசில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் எந்தக் காரியமும் செய்ததில்லை.

இசக்கியம்மாள் முகம் தெளிந்துவிட்டது. தொண்ணூற்று நாலு என்று முத்து முத்தாக எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'எங்கள் சாரைவிட ஒன்று குறைவு' என்று எழுதினாள். ஆசீர்வாதம் சார் அதை இரண்டு தடவை வாசித்தார். என் படிவத்தைப் பார்த்தார், அதில் காரணம் எழுதப்படவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டு, சர்டிபிகேட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. சேர்ந்த அன்றே ஆஸ்பத்திரி முழுக்க எல்லா சுவிட்சையும் டெஸ்டர் வைத்துப் பார்த்தாளாம். இரண்டு இடத்தில் சுவிட்ச் கறுப்பில் இருந்ததாம், மாற்றிவிட்டாளாம். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: 'அது நம்ம ஆட்கள் செய்தது இல்லை சார். விசாரித்துவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.'